வாயில் மேற்கல்லும் அது தாங்கும் பாரமும்

கட்டடக்கலைச் சொற்களை ஆராயப் புகுவோர் அகராதிப் பொருளோடு அமைந்துவிடுதல் பெருவழக்காக உள்ளது. 'உத்தரம்' என்பதற்கு விட்டம் என்றும், 'போதிகை' என்பதற்குத் தூணின் தலைமேல் வைக்கும் உறுப்பு என்றும் பொருள் எழுதிவிட்டால் ஆராய்ச்சி முடிந்ததாகக் கொள்கின்றோம். ஒரு கல் எவ்விடத்தில் கிடக்கின்றது என்பதை இப்பொருள்கள் காட்டும். அஃது அவ்விடத்தில் யாது தொழில் செய்கின்றது என்பதைக் காட்டா. தொழில் புலப்படாதவிடத்து உரையாசிரியர்களின் நுட்பமும் புலப்படுவதில்லை. வாயிலின் மேற்கல் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். சுவரிலே வாயிலோ பலகணியோ விடுமிடத்து, அத்திறப்பின்மேல் குறுக்கே கிடந்து மேற்சுவரைத் தாங்கும் கல், மரம் முதலியவற்றை இக்கட்டுரையில் மேற்கல் என்னும் பொதுப் பெயரால் குறிக்கின்றோம். இன்றைய கொத்தர் இதனை 'லிண்டல்' என்பர்.

நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலைப் புனைந்துரைக்குமிடத்து, இவ்வுறுப்பினை நேரே பெயரிட்டுக் கூறாது, நாண்மீன் ஒன்றின் பெயரை உடைய மரம் என்று சுற்றி உரைக்கின்றார். உத்தரம் என்னும் நாளின் பெயர் பெற்றது என்று நச்சினார்க்கினியர் அதனை விளக்குகின்றார். மாணாக்கர் இந்நயத்தைக் கண்டு மகிழ்ந்து அப்பாற் சென்றுவிடுவர். அம்மரத்திற்கு அடையாக வந்த 'கோள்' என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் செருகுதல் என்று பொருள் கொண்டதனையும், மூலம் மரம் என்று கூறவும் உரை 'கற்கவி' என்று கல்லாக்கிக் கூறுவதனையும் நின்று நோக்குவார் சிலரே. மேற்கல்லின் முனைகள் எவ்வளவு செருகப்படல் வேண்டும் என்பது இன்றும் கட்டடப் பொறியாளர் விடை காண வேண்டிய வினாவாகும். அதற்கு விடை காணுமுன், அக்கல்லின்மேல் வந்து விழும் பாரம் எவ்வளவு என்பதை அறிதல் வேண்டும்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரை நிலைக்களனாகக் கொள்வது நலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் அகத்தீசுவரம் பகுதியில், நாஞ்சில் நாட்டின் கீழ்க்கோடியில் உள்ளது அஞ்சுகிராமம். (ஊர்ப்பெயரின் வரலாறு தனி ஆராய்ச்சிக்குரியது, ஈண்டு அதனுட் புகவில்லை.) கல் அரிதன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் குன்றுகள் அண்மையில் உள்ளன. கடற்கரையில், 1741ஆம் ஆண்டுக் குளச்சற் போருக்குப் பின் மார்த்தாண்ட வருமரின் படைத்தலைவராகிய தெலனாய் என்னும் ஒல்லாந்தர் கருங்கல்லாற் கட்டிய வட்டக்கோட்டை அயலிலே நிற்கின்றது. பனையும் இந்நிலத்துக்கு உரிய மரமே. ஆதலின் இப்பகுதியில் மேற்கல்லாகக் கருங்கற் பலகையும் பனைவிட்டமும் பண்டு பயின்றன. இன்று அவற்றின் இடத்தைக் கம்பியிட்ட கான்கிரீட் பெற்றுள்ளது. சாலைகள் கூடும் ஊர்களில் எங்கும் காண்பது போலவே, வீட்டின் முன்சுவரை அகலத் திறந்து கடைவாயிலாக்கும் முயற்சி இத்தகைய ஊரிலும் எழுவது இயல்பு. மூன்றடி வாயிலைத் தாங்கி நின்ற கல்லைப் போன்றதொரு கல்லே ஏழடி வாயிலுக்கும் போதும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து உயிருக்கு ஊறு விளைப்பது. ஏன் என்பதைக் கணக்கே காட்டும்.

முக்கோணப் பாரம்

மேற்கல்லின்மேல் சுவர் பத்தடி உயர்ந்து நின்றால், அப்பத்தடிச் சுவரின் எடை முழுவதும் அக்கல்லின்மேல் ஏறுகின்றது என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்கப்படுவதில்லை. மேல்வரிக் கல் கீழ்வரிக் கற்கள் இரண்டனைத் தழுவி அமர்கின்றது. ஆதலின் திறப்பின் இருமருங்கும் உள்ள சுவரினின்று ஒவ்வொரு வரியும் சிறிது சிறிது உள்நோக்கி நீண்டு, மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கி, ஓர் உயரத்தில் கூடிவிடுகின்றது. கூடிய இடத்திற்கு மேலுள்ள சுவர் தன் பாரத்தை வில்வளைவு போல இருமருங்கும் செலுத்திவிடும். அவ்வளைவிற்குக் கீழே எஞ்சி நிற்கும் முக்கோணப் பகுதியே மேற்கல்லுக்கு உரிய சுமையாகும்.

அம்முக்கோணத்தின் சாய்வு எத்துணை? பொறியாளர் சிலர் 45 பாகை கொள்வர்; நம் நாட்டில் 60 பாகை, அஃதாவது சமபக்க முக்கோணம், கொள்வதே பெருவழக்கு. கல்லின் அளவைக் கொண்டே இதனை ஒருவாறு உணரலாம். 9 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உடைய செங்கல், கீழ்வரிக் கல்லினைக் காற்பகுதி, அஃதாவது 2¼ அங்குலம், தழுவி அமைந்தால், 2¼ அங்குலம் உள்ளே செல்வதற்கு 3 அங்குலம் ஏறுகின்றோம். அச்சாய்வு ஏறத்தாழ 53 பாகை. 40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உடைய சிமெண்டுக் கட்டிகளைப் பாதிக்குப் பாதி தழுவ அடுக்கினால் சாய்வு சரியாக 45 பாகையாகும். 60 பாகை கொள்வது இவ்விரண்டினும் செங்குத்தான, பாரத்தை மிகுத்துக் கணிக்கும், எச்சரிக்கை வாய்ந்த முறை என்பது இதனால் விளங்கும். ஒழுங்கற்ற கற்களை மண்சாந்திட்டு அடுக்கிய சுவரில் தழுவலே உறுதியின்றி இருப்பதால், அங்கே இவ்வெச்சரிக்கை மிகையாகாது.

இஃது ஏட்டளவில் நிற்கும் கொள்கை என்று எண்ணற்க. மேற்கல் முறிந்த பழஞ்சுவரில், திறப்பின் இரு மூலைகளினின்றும் விரிசல் படிப்படியாக ஏறி நடுவே கூடுதலையும், இடையிலுள்ள கற்கள் மட்டும் சரிந்து விழ மேற்சுவர் கூரிய வாய் திறந்து நிற்றலையும் காணலாம். கிரேக்க நாட்டு மைசீனியில் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அமைத்த சிங்க வாயிலும் இதற்குச் சான்று. அங்கே பெரும் மேற்கல்லுக்கு மேலே சுவரைக் கட்டாது, முக்கோண வடிவில் இடம் விட்டு, அவ்விடத்தைச் சிங்க உருவம் செதுக்கிய மெல்லிய பலகையால் மறைத்துள்ளனர். அவ்வூரிலேயே ஆத்திரேயசின் கருவூலம் எனப்படும் கல்லறையின் வாயில்மேல் அம்முக்கோணம் இன்று வெறுமையாகவே தோன்றுகின்றது. எப்பகுதி மேற்கல்லின்மேல் விழுமோ அப்பகுதியையே கட்டாது விட்டனர். கணக்கு எழுதப்படுதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைத்தொழில் அதனை அறிந்திருந்தது என்க.

கணக்கு

ஓர் எளிய வாயிலைக் கொள்வோம். திறப்பின் அகலம் 1.05 மீட்டர், மேற்கல் இருமருங்கும் 15 சென்டிமீட்டர் சுவரில் அமர்கின்றது. அமரும் இடங்களின் நடுவிலிருந்து நடுவரை அளந்தால் 1.20 மீட்டர். இதனைத் தாங்கிடைத் தூரம் என்போம். கணக்கிற்குக் கொள்வது இதுவே, திறப்பின் அகலம் அன்று. சுவரின் கனம் 23 சென்டிமீட்டர். செங்கற் சுவரின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,920 கிலோகிராம்.

சமபக்க முக்கோணத்தின் பரப்பு, பக்கத்தின் வர்க்கத்தை 0.433ஆல் பெருக்கக் கிடைப்பது. 1.20 மீட்டருக்கு அது 0.62 சதுர மீட்டர். சுவர்க் கனத்தாலும் எடையாலும் பெருக்க, பாரம் ஏறத்தாழ 275 கிலோகிராம் ஆகின்றது. மேலே 3 மீட்டர் உயரச் சுவர் முழுவதும் ஏறும் என்று கொண்டிருந்தால் 1,590 கிலோகிராம் வந்திருக்கும். உண்மைப் பாரம் அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே.

பாரத்தின் அளவு மட்டும் போதாது. அது கல்லை எவ்வளவு வளைக்க முயல்கின்றது என்பதே முறிவைத் துணிவது. இதனை வளைவுத் திருப்புத்திறன் என்பர். மொத்தப் பாரம் ஒரே அளவினதாயினும், சீராகப் பரவிய பாரம் குறைவாகவும், நடுவிற் குவிந்த முக்கோணப் பாரம் மிகுதியாகவும் வளைக்கும். சீர்ப்பாரமாயின் பாரத்தைத் தாங்கிடைத் தூரத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும், முக்கோணமாயின் 6ஆல். நம் வாயிலுக்கு 275ஐ 1.20ஆல் பெருக்கி 6ஆல் வகுக்க, 55 கிலோகிராம்-மீட்டர் கிடைக்கின்றது.

இனி, அதே சுவரில் வாயிலை அகலப்படுத்தித் தாங்கிடைத் தூரத்தை 2.40 மீட்டர் ஆக்குவோம். அகலம் இருமடங்காயிற்று. முக்கோணத்தின் பரப்பு நான்மடங்காகின்றது. ஆதலின் பாரம் ஏறத்தாழ 1,100 கிலோகிராம். வளைவுத் திருப்புத்திறனோ 440, எண்மடங்கு! பாரமும் தூரமும் ஒருங்கே பெருகுவதால் விளைவது இது. மூன்றடி வாயிலின் கல் ஏழடி வாயிலுக்கும் போதும் என்று கருதுவோர், இரண்டு என்று எண்ணி எட்டினை ஏற்றுகின்றனர்.

இதுவும் முக்கோணம் முழுமையாக அமைந்தால்தான் பொருந்தும். 2.40 மீட்டர்த் தாங்கிடைக்கு முக்கோணத்தின் உச்சி 2.08 மீட்டர் உயரத்தில் அமையும். அதற்கு மேலும் ஓரளவு சுவர் இருந்தாலன்றி வில்வளைவு உருவாகாது; தாங்கிடைத் தூரத்தின் 1¼ மடங்கு உயரம் இருப்பின் அச்சமின்றி முக்கோணத்தைக் கொள்ளலாம். ஒருநிலை வீடுகளில் வாயிலுக்கு மேல் கூரை வரையில் உள்ள சுவர் பெரும்பாலும் 1 மீட்டரே. ஆண்டு வளைவு அமைய இடமில்லை. சுவரின் எடை முழுவதும் கல்லின்மேல் வரும். அச்சுவரின்மேல் அமர்ந்த கூரையின் பாரமும் உடன் வரும். 1 மீட்டர் உயரச் சுவரின் எடை 1,060 கிலோகிராம். கான்கிரீட் கூரையின் எடை, தளவோடு, மேல் நடமாடும் சுமை எல்லாம் கூட்டிச் சதுர மீட்டருக்கு 500 கிலோகிராம் என்றும், அறையின் பாதி அகலமாகிய 1.5 மீட்டர் இச்சுவரின்மேல் தங்குகின்றது என்றும் கொண்டால், கூரைப் பாரம் 1,800 கிலோகிராம். ஆக 2,860. இது சீராகப் பரவிய பாரமாதலின் 8ஆல் வகுக்க, வளைவுத் திருப்புத்திறன் 858 கிலோகிராம்-மீட்டர். பழைய வாயிலின் 55உடன் இதனை ஒப்பிடுக: ஏறத்தாழ 16 மடங்கு.

வில்வளைவு அமைதற்கு வேறு தடைகளும் உண்டு. வளைவு கீழ்நோக்கி அழுத்துவதோடன்றி இருபுறமும் வெளிநோக்கித் தள்ளவும் செய்யும். அத்தள்ளுதலைத் தாங்கத் திறப்பின் ஒவ்வொரு பக்கமும் தாங்கிடைத் தூரத்தின் பாதியளவேனும் சுவர் இருத்தல் வேண்டும். வீட்டின் மூலையை ஒட்டிக் கடைவாயில் திறப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். முக்கோணத்தினுள் மற்றொரு பலகணி குறுக்கிட்டாலும், கூரைவிட்டத்தின் முனை அதனுள் வந்தமர்ந்தாலும் கணக்கு மாறும். புதுச்சுவராயின், சாந்து இறுகும்வரை தழுவல் ஆற்றல் பெறுவதில்லை; அதுகாறும் மேற்கல்லின்கீழ் முட்டுக் கொடுத்தல் வேண்டும்.

கல்லின் ஆற்றல்

வளையும் கல்லில் மேற்பாகம் அமுக்குண்கின்றது, கீழ்ப்பாகம் இழுபடுகின்றது. கருங்கல் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலி அதற்கு மிகக் குறைவு. வளைக்கும்போது அதன் அடிப்பாகம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 200 கிலோகிராம் வரையான இழுப்பில் முறியும். உள்ளே நரம்போ பிளவோ இருப்பின் இன்னும் முன்னரே முறியும்.

23 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உடைய ஒரு கல்லைக் கொண்டு, அதன் சொந்த எடையையும் சேர்த்துக் கணித்தால், முதல் வாயிலில் அதன் அடியில் தோன்றும் இழுதகைவு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோகிராம்தான். நூற்றாண்டு கடந்தும் அது கவலையின்றிக் கிடக்கும். அத்தகைய கல்லையே அகன்ற வாயிலின்மேல் முழு முக்கோணம் அமைந்த சுவரில் வைத்தால் தகைவு 59. கூரைப் பாரமும் ஏறினால் 107. முறிவெல்லையின் வாயிலிலேயே கல் நிற்கின்றது என்பது இதன் பொருள். பனைவிட்டமாயின் முறியுமுன் தாழ்ந்தும் நெரிந்தும் அறிவிக்கும், கல் அறிவிப்பதில்லை. ஒரு நொடியில் இரண்டாகும். பழைய வாயிலிற் கல் நெடுநாள் நின்றது என்பதை அகன்ற வாயிலுக்குச் சான்றாகக் காட்டுதல் இதனாலேயே பிழையாகும்.

கல்லை எவ்வாறு கிடத்துகின்றோம் என்பதும் நோக்கத்தக்கது. விட்டத்தின் வலிமை அதன் அகலத்தோடு ஒத்தும், உயரத்தின் வர்க்கத்தோடு ஒத்தும் பெருகும். 1638இல் கலிலியோ வெளியிட்ட நூலில் இவ்வுண்மையைக் காட்டினார். அவர் கொண்ட பெருக்கெண் பிழையாயினும் உயரத்தைப் பற்றிய விதி சரியானதே. மேற்கூறிய கல்லைக் குத்தாக நிறுத்தி 23 சென்டிமீட்டரை உயரமாகக் கொண்டால், அதே கல் ஒன்றரை மடங்கு வலிமை பெறும். ஆயினும் சுவரின் கனம் 23 சென்டிமீட்டராதலின், கொத்தர் அதனைக் கிடையாகவே வைக்க விரும்புவர். இரண்டு கற்களைக் குத்தாக அடுத்தடுத்து வைத்தல் கைவேலை மிகுந்தது.

இனிப் போதிகைக்கு வருவோம். தூண், போதிகை, உத்தரம், வாசனம், வலபி, கபோதம் என்னும் வரிசையைச் சிற்ப நூல் பயில்வார் மனப்பாடமாகக் கூறுவர். போதிகை என்பது அழகுக்கு அமைந்த தலைப்பாகை அன்று. 2.40 மீட்டர் இடைவெளியில் நிற்கும் தூண்களினின்று இருமருங்கும் 30 சென்டிமீட்டர் போதிகை நீண்டால், உத்தரத்தின் தாங்கிடை 1.80 மீட்டராகக் குறைகின்றது. மண்டபத்து உத்தரத்தின்மேல் விழுவது கூரைக் கற்பலகைகளின் சீரான பாரம். ஆதலின் வளைவுத் திருப்புத்திறன் தூரத்தின் வர்க்கப்படி குறைந்து, பதினாறில் ஒன்பது பங்காகின்றது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் நெடுஞ்சுற்று மண்டபங்களில் இவ்வமைப்பினைக் கண்ணாரக் காணலாம். போதிகையின் வடிவ வேறுபாட்டைக் கொண்டு காலம் கணிக்கும் ஆராய்ச்சியாளர், அதன் நீட்டத்தையும் அளந்து வெளியிட்டால் பெரும்பயன் விளையும் என்பது எம் கருத்து.

அக்கோயிலின் ஏழுநிலைக் கோபுரமும் நம் பொருளுக்கு இயைந்ததே. கோபுரங்களில் அடிநிலை கல்லாலும் மேல்நிலைகள் செங்கல்லாலும் அமைதலும், ஒவ்வொரு நிலையின் நடுவிலும் அடிவாயிலுக்கு நேர்மேலே ஒரு திறப்பு விடப்படுதலும் அறிந்தனவே. அத்திறப்புகள் வழிபாட்டு மரபு பற்றி எழுந்தனவோ விளக்கேற்றுதற்கு எழுந்தனவோ, நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றுண்டு. உத்தரத்தின் நடுவிலே, வளைவு மிகும் இடத்திலே, பாரம் குறைகின்றது. மைசீனியர் முக்கோணமாக விட்டதனை இங்கே நிலைதோறும் வாயிலாக விட்டிருக்கின்றனர் என்று கூறலாம்.

கான்கிரீட் மேற்கல்லைப் பற்றி நீட்டித்து எழுத வேண்டுவதில்லை. கல்லுக்கு இல்லாத இழுவலியைக் கம்பி தருகின்றது. ஆதலின் கம்பி அடிப்பாகத்தில் இருத்தல் வேண்டும். வெயில் மறைப்பாக வெளியே நீளும் பலகையில் மட்டும் இழுப்பு மேற்பக்கத்தே தோன்றுவதால், அதன் கம்பி மேலே இருத்தல் வேண்டும். இவ்விரண்டினையும் மாற்றி வைப்பதால் நேர்ந்த முறிவுகள் பல. அஞ்சுகிராமம் போன்று கடலை அடுத்த ஊர்களில் உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றும்; துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பியின்மேல் போதிய கனத்திற்குக் கலவை மூடியிருத்தலும், கலவைக்கு உப்பற்ற மணலும் நீரும் கொள்ளுதலும் ஆண்டு இன்றியமையாதன.

கோள்

நெடுநல்வாடை உரையில் விட்ட இடத்திற்கு மீள்வோம். மேற்கல் தாங்கிய பாரம் அதன் இருமுனை வழியே சுவரில் இறங்குகின்றது. முதல் வாயிலில் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 190 கிலோகிராம் சுமக்கும். 15 சென்டிமீட்டர் செருகிய முனையின்கீழ் அஃது அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகிராமுக்குச் சற்று மிகுதி. எவ்வகைச் சுவரும் இதனைத் தாங்கும். கூரைப் பாரமேறிய அகன்ற வாயிலிலோ ஒவ்வொரு முனையும் 1,540 கிலோகிராம் சுமக்கின்றது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4½ கிலோகிராம். வலி குறைந்த செங்கல்லும் மெலிந்த சாந்தும் கொண்ட சுவருக்கு 2½ முதல் 3½ வரையே தகும். கல் முறியாது நின்றாலும் அதன்கீழுள்ள செங்கல் நொறுங்கும். முனையை 30 சென்டிமீட்டர் செருகினால், தாங்கிடை நீள்வதாற் பாரம் சிறிது கூடினும், அழுத்தம் 2.4 அளவிற்கு இறங்கிவிடும். செருகும் நீளத்தைப் பாரத்தைக் கொண்டே துணிய வேண்டும் என்பது இதன்கட் பெறப்படும்.

மரத்தாலாய வாயிலில் நிலை வேறு. மேல்மரத்தின் முளை நிலைக்காலின் துளையிற் செருகப்படும். பாரத்தின் பெரும்பகுதி நிலைக்கால் வழியே நிலத்திற்கு இறங்கும். ஆதலின் முளை சிறிதாயினும் குற்றமில்லை. செருகுதல் அங்கே பிணிப்பின் பொருட்டு. கல்லாலாய வாயிலில் சுவரே தாங்குவதால், செருகுதல் பாரத்தின் பொருட்டாகின்றது. மூலத்து மரத்தைக் கற்கவி என்று உரை மாற்றியபோது, கோள் என்னும் சொல்லின் தொழிலும் உடன் மாறிற்றா, அன்றிக் கல்லும் நிலைக்காலிலேயே செருகப்பட்டதாக உரையாசிரியர் கருதினாரா என்பது துணிதற்குரியது. கல்நிலைகளையுடைய பழங்கோயில் வாயில்களில் மேற்கல்லின் முனை நிலைக்காலோடு நிற்கின்றதா, அதனைக் கடந்து சுவரினுள் எவ்வளவு செல்கின்றது என்பதனை அளந்து தொகுப்பின், இவ்வையம் தீர வழியுண்டு.